ஏழாம் நம்பர் பேட்ஜ்

கண்ணு, போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் தப்பித்துவிட்டேன். "அம்மா, வெளிச்சம் பட்டுக் கெட்டுப்போன பிலிம்னா ஒரே கறுப்பாத்தானே இருக்கோணும்? பெருசு பண்ணிப் பார்த்தா உள்ள நாலு சதுரம் தெரியுது. ஓரத்துல ஏழுன்னு ஒரு நம்பர் வேற. இது எப்படிம்மா?" என்றாய். பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். அன்றைக்கு நான் அடுப்பே பற்றவைக்கவில்லை. மறுபடி அடிக்குமோ என்று போனையே பார்த்துக்கொண்டு சாயங்காலம் வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இருபத்தாறு வருடமாக யாரும் கேட்காத கேள்வி. அதைக் கேட்கத் தெரிந்த ஆளை நானே பெற்று, நானே படிக்க வைத்து, கடைசியில் அவனிடமே மாட்டிக்கொண்டேன்.

வருகிற செவ்வாய்க்கிழமை நீ ஹிரோஷிமாவுக்குப் புறப்படுகிறாய். குண்டு விழுந்த நொடியில் அங்கே படிக்கட்டில் உட்கார்ந்திருந்த ஒருவரின் நிழல் கல்லிலேயே தங்கிவிட்டது என்று நீதான் எனக்குச் சொன்னாய். அதுவும் கேமரா இல்லாமல் விழுந்த படம்தான் என்றாய். நீயும் கேமரா இல்லாமல் படம் எடுக்கிறவன். மருந்து தடவிய துணியில் வெயிலில் படுத்து உன் நிழலைப் பதிக்கிறாய்; பிலிமை மண்ணோடு கட்டி வைத்து, அந்த மண் தானாக வரைவதை எடுத்துக் காட்டுகிறாய். இந்த முறை, என் பழைய பைபிள் உறைக்குள்ளிருந்து நீ எடுத்துப்போன இரண்டு விரல் அகலப் பிலிமை ஆள் உயரத்துக்குத் துணியில் அச்சடித்து, அதன் முன்னால் நான்கு மணி நேரம் வாய் திறக்காமல் நிற்கப் போகிறாய். இணைய இதழில் வந்த உன் பேட்டியையும் படித்தேன். "என் கலையின் முதல் படம் என் அம்மாவின் கைத்தவறு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருட்டறைக் கதவைத் தெரியாமல் திறந்துவிட்டார், வெளிச்சம் பட்டுக் கறுத்துவிட்டது" என்று சொல்லியிருக்கிறாய். நான் சொன்ன பொய்யை நீ நம்பிச் சொன்னாய், உன்மேல் குற்றமில்லை. ஆனால் ஊர் முன்னால் அச்சாகிவிட்ட பொய்யை உன் காதில் மட்டும் திருத்திச் சொன்னால் போதாது. அதனால் இந்தக் கடிதத்தை உனக்கு அனுப்பும் கையோடு அந்த இதழுக்கும் அனுப்புகிறேன். கோபம் வரும். வரட்டும். கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படு.

சிங்காநல்லூர் பக்கம் நான் வேலை செய்த கம்பெனியைப் பற்றி உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். பட்டறைகளில் வார்த்து எடுக்கும் பெரிய பெரிய வால்வுகளுக்குள் ஓட்டை, விரிசல் இருக்கிறதா என்று கதிர்வீச்சு வைத்துப் பார்த்துச் சொல்கிற கம்பெனி. மனிதருக்கு எக்ஸ்ரே எடுப்பது போல இரும்புக்கு. அரிசி மணி அளவு கதிர்ப்பொருள் ஒன்று கனத்த பெட்டிக்குள் இருக்கும், சோர்ஸ் என்போம். தூரத்தில் நின்று கைப்பிடியைச் சுற்றினால் அது கம்பியின் நுனியில் ஒட்டிக்கொண்டு குழாய் வழியாக வெளியே போய் வால்வுக்கு முன்னால் நிற்கும். வால்வுக்குப் பின்னால் பிலிம் கட்டியிருக்கும். நேரம் முடிந்ததும் சுற்றிப் பெட்டிக்குள் இழுத்துவிட வேண்டும். அந்தப் பிலிம்களைச் சிவப்பு விளக்கில் கழுவி எடுப்பது என் வேலை. எங்கள் வீட்டில் என் அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் காட்டில் களை வெட்டியவர்கள். மண் படாமல் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான்தான். என் பெயர் போட்ட அட்டையை மேல்கோட்டில் குத்திக்கொண்டு பஸ் ஏறும்போது எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. அந்தக் கர்வத்தையும் கணக்கில் வைத்துக்கொண்டே மேலே படி.

எல்லோரும் நெஞ்சில் ஒரு பேட்ஜ் குத்திக்கொள்வோம். சின்ன பிளாஸ்டிக் கூடு. உள்ளே காகிதம் சுற்றிய ஒரு துண்டு பிலிம். பிலிமுக்கு மேலே நான்கு சதுரத் தகடுகள். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டதோ அவ்வளவு கறுக்கும். தகடு மறைத்த இடம் மட்டும் கொஞ்சம் குறைவாகக் கறுக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியூர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் அவர்கள் கழுவிப் பார்த்து ஆளாளுக்கு எவ்வளவு என்று எழுதி அனுப்புவார்கள். பேட்ஜுக்குப் பொறுப்பும் நான்தான். உன் நான்கு சதுரம் அதுதான் சாமி. அது என் கைத்தவறும் அல்ல, கதவு திறந்து பட்ட வெளிச்சமும் அல்ல. ஏழாம் நம்பர் பேட்ஜை நெஞ்சில் குத்தியிருந்த ஓர் ஆள்மேல் விழுந்தது அது. அவர் பெயர் மயில்சாமி. அன்னூர்க்காரர். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன்.

அது சித்திரை வெயில். நீ என் வயிற்றில் ஆறு மாதம். வயிறு தெரிய ஆரம்பித்ததும் "நீ இருட்டறையைவிட்டு வெளியே வராதே" என்று சொல்லிவிட்டார்கள். கதிர் வைக்கும் கொட்டகை கொல்லைப்புறம், அறுபது எழுபது அடி தள்ளி. வெயில் காலத்தில் எங்கள் தொழிலில் ஒரு தொல்லை உண்டு. கழுவும் மருந்து சூடாகிவிட்டால் பிலிம் கறுத்துப்போகும். அதனால் ஐஸ் கட்டியைப் பையில் கட்டி மருந்துத் தொட்டியில் மிதக்கவிடுவோம். அன்றைக்கு ஐஸ்காரர் வரவில்லை. காலையில் கழுவிய முதல் இரண்டு பிலிம் அருமையாக வந்தது. மூன்றாவது கன்னங்கரேல் என்று வந்தது. "அட கெரகமே, மருந்து காஞ்சுபோச்சு" என்று நினைத்துக்கொண்டு, ஆள் அனுப்பி ஐஸ் வாங்கி வரச் சொல்லி, "இன்னொருக்கா ஷாட் எடுங்க" என்று மயில்சாமிக்குச் சொல்லி அனுப்பினேன். நான்காவதும் கறுப்பு. ஐஸ் போட்டுக் குளிரவைத்துக் கழுவிய ஐந்தாவதும் கறுப்பு. எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெட்டியிலிருந்து ஒரு புதுப் பிலிமை நறுக்கி அதே மருந்தில் போட்டேன். பளிச்சென்று வெள்ளையாக வந்தது. மருந்தில் தப்பே இல்லை.

தப்பு கொட்டகையில் இருந்தது. கம்பியைவிட்டுச் சோர்ஸ் கழன்று குழாயின் நுனியிலேயே உட்கார்ந்துவிட்டது. மயில்சாமி கைப்பிடியைச் சுற்றினார், கம்பி திரும்பியது, சோர்ஸும் திரும்பிவிட்டது என்று நினைத்தார். கதிர் இருக்கிறதா என்று காட்டும் மீட்டர் ஒரு வாரமாக ரிப்பேர். எல்லோருக்கும் தெரியும், யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒவ்வொரு ஷாட்டுக்கும் உள்ளே போய், அந்தக் குழாய் நுனியை வலது கையில் பிடித்து, வால்வில் வைத்து டேப் ஒட்டிவிட்டு வந்திருக்கிறார். "இன்னொருக்கா எடுங்க" என்று நான் சொல்லி அனுப்பினேன் பார், அப்போதும் அதைத்தான் செய்திருக்கிறார். நான் மருந்துக்கு ஐஸ் தேடிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவர் கை அதன்மேல் இருந்தது.

இருட்டறைக் கதவை உதைத்துத் திறந்துகொண்டு ஓடினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, செருப்பு இல்லாமல், "தம்பி! போடு அதை! கீழ போடு!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். கொட்டகை வாசலில் கட்டிய கயிறு வரை போய்விட்டேன். அவர் உள்ளே குழாயைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. அந்த நேரத்தில் எந்த மனுசனும் முதலில் கையிலிருப்பதை உதறிவிட்டு வாசலைப் பார்த்துத்தான் ஓடி வருவான். வாசலில் நான் நிற்கிறேன். அவர் ஓடி வரவில்லை. "அக்கா, வராதீங்க! புள்ளத்தாச்சி, அங்கயே நில்லுங்க! திரும்பிப் போங்கக்கா!" என்று தொண்டை கிழியக் கத்தினார். நான் திரும்பி ஓட ஆரம்பித்த பிறகுதான் குழாயைத் தூக்கி, வாசல் பக்கம் கதிர் வராதபடி கனத்த இரும்பு வார்ப்புக்குப் பின்னால் வைத்துவிட்டு அந்தப் பக்கச் சுவரேறிக் குதித்திருக்கிறார். எத்தனை நொடி என்று எனக்குத் தெரியாது. அந்த நொடிகளை உனக்காகத்தான் அவர் உள்ளே செலவழித்தார்.

அன்று சாயங்காலத்துக்குள் முதலாளியும் ஒரு மூத்த ஆளும் நீள இடுக்கியால் அதை எடுத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டார்கள். வெளியே யாருக்கும் சொல்லவில்லை. பன்னிரண்டாம் நாள் மயில்சாமியின் விரல்கள் சிவந்து, கொப்புளம் விட்டு, தோல் உரிய ஆரம்பித்தன. முதலாளி என்னை அழைத்தார். ஏழாம் நம்பர் பேட்ஜைக் கையில் கொடுத்து, "கழுவிப் பாரும்மா, நமக்குத் தெரிஞ்சுக்குவோம்" என்றார். கழுவினேன். நீ பெரிதாக்கிப் பார்த்த கறுப்பை, அந்த நான்கு சதுரத்தை, சிவப்பு விளக்கில் முதலில் பார்த்தவள் நான். "இது வெளிய போச்சுன்னா லைசென்சு போயிரும். நாப்பது குடும்பம் நடுத்தெருவுல நிக்கும். நீயும் வயித்துப் புள்ளையோட எங்க போவே? யோசிச்சுக்கோ" என்றார். அவர் மேல் பழி போட்டுவிட்டு நான் நல்லவளாக நிற்கலாம். இத்தனை வருடம் எனக்குள் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் கண்ணு, யோசிக்க அவர் எனக்கு ஒரு நாள் நேரம் கொடுத்தார். ஒரு முழு நாள். உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. பாவம், அவர் கடைசி வரை தெரியாமலேயே போய்விட்டார். மறுநாள் காலையில் ஒரு புதுப் பிலிமை ஏழாம் நம்பர் உறையில் வைத்து ஒட்டி, என் கையாலேயே அனுப்பினேன்.

சுத்தமாக இருக்கிறது என்று பதில் வந்தது. அந்த ஒரு தாளை வைத்து மயில்சாமியின் கதையை முடித்துவிட்டார்கள். கதிர் படவில்லை, அப்படியானால் கொதிக்கிற வார்ப்பைக் கவனமில்லாமல் தொட்டிருக்கிறான் என்று எழுதினார்கள். அவர் என்னிடம் வந்து கேட்டார்: "அக்கா, நெசமாலுமே என்ற ரீடிங்ல ஒண்ணும் வரலீங்களா?" கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். நான் தொட்டியைக் கழுவுகிற மாதிரி குனிந்துகொண்டு, "ஒண்ணும் இல்ல தம்பி. பிலிமு பொய் சொல்லாது" என்றேன். ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். குடித்துவிட்டு உலையில் கை வைத்தான் என்று ஊரில் பேச்சு. பீடிகூடத் தொடாத மனுசன். வேலையும் போனது. கறுத்த பிலிமை எரித்துவிடச் சொன்னார் முதலாளி. எரிக்கவில்லை. ஏன் என்று கேட்காதே. துணிச்சல் என்று மட்டும் நினைத்துவிடாதே. துணிச்சல் இருந்திருந்தால் அதை எடுத்துக்கொண்டு வெளியே போயிருப்பேன். பைபிள் உறைக்குள் வைத்துத் தைத்துவிட்டேன், அவ்வளவுதான். ஒவ்வொரு ஞாயிறும் சபையில் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லும்போது என் வாய் மட்டும் அசையும், குரல் வராது. பக்கத்தில் நின்ற உனக்கு அது தெரியாது; நீ எப்போது பிஸ்கட் கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பாய்.

நீ பிறந்ததும் நர்சம்மா, "பையன், நல்லா இருக்கான்" என்றார். நான் நம்பவில்லை. துணியை விலக்கி விரல்களை எண்ணினேன். கை, கால், மறுபடி கை. உனக்கு மூக்கில் ரத்தம் வந்தால் எனக்கு உயிர் போகும். காய்ச்சல் மூன்று நாள் நின்றால் ரத்தப் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போவேன். "உங்கம்மா ஒரு மாதிரி" என்று உன் சினேகிதர்கள் கேலி செய்தார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு உன் உடம்பில் ஒவ்வொரு கொப்புளத்தையும் பார்க்கும்போது அதைத்தான் செய்தது. அந்தக் கொப்புளத்துக்குப் பின்னால் எனக்கு வேறொருவரின் கை தெரிந்தது என்று உன்னிடம் நான் எப்படிச் சொல்வேன்?

கல்லூரி முடித்து வந்த வருடம் நீ தெற்குக் கடற்கரையிலிருந்து கறுப்பு மணல் கொண்டுவந்தாயே, நினைவிருக்கிறதா? அதில் கொஞ்சம் கதிர் இருக்கிறது, பிலிமோடு கட்டி வைத்தால் தானே படம் விழும் என்று என் பீரோவுக்குள் புடவைகளுக்கு நடுவில் வைத்தாய். துணி மடிக்கும்போது அந்தப் பொட்டலத்தைப் பார்த்தேன். மேலே "கதிர், வெளிச்சம் படக்கூடாது" என்று எழுதியிருந்தது. என்னைப் பிடித்த பைத்தியத்தை நீ பார்த்தாய். கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டினேன். பிலிமைக் கத்தரியால் துண்டு துண்டாக நறுக்கினேன். "உலகமே பேசற விஷயம்மா இது. கடற்கரையில ஜனங்க அதுமேலதான் ஊடு கட்டிக் குடியிருக்காங்க. ஒரு புடி மண்ணுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? உனக்குக் கதிர்னா என்னன்னு தெரியுமா?" என்று கத்தினாய். எனக்குத் தெரியுமா! என்னைப் பார்த்து நீ அதைக் கேட்டாய். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "உன் சோறு வேண்டாம்" என்று நீ பையை எடுத்துக்கொண்டு போனபோது, வாசலில் நின்று, "போ, போய்க் கெட்டுப் போ" என்றேன். எட்டு மாதம் நீ பேசவில்லை. அந்த எட்டு மாதமும் உனக்கு என்மேல் வந்த கோபம் நியாயமானது. எனக்கு உன்மேல் வந்த கோபம்தான் பொய்க்கோபம். பயத்தை வெளியே காட்ட வெட்கப்படுகிறவர்கள் அதற்குக் கோபம் என்று பெயர் வைத்துக்கொள்வார்கள். உனக்குப் பிள்ளை பிறந்தால் இதை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளாதே.

ஏரிக்கரையில் நீ முதல்முதலாகப் படுத்தாயே, அன்றைக்கு நான் வந்திருந்தேன். இதுவும் உனக்குத் தெரியாது. நீலம் பிடிக்கிற துணியின் மேல் உச்சி வெயிலில் கை காலை விரித்துக் கிடந்தாய். இளநீர் வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வாக்கிங் வந்த பெரியவர் ஒருவர், "ஏனுங்க, யாரு பெத்த புள்ளையோ, மயக்கம் போட்டு உளுந்து கெடக்குது, ஆளாளுக்குப் போனைப் புடிச்சுட்டு நிக்கறீங்களே! சித்தெ தண்ணி தெளிங்க!" என்று சத்தம் போட்டார். யாரோ, "அது கலைங்க பெரியவரே" என்றதும், "கலையா? வெயில்ல காயறதா? என்ற ஊட்டுல வடாம்கூட அப்படித்தான் காயுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தேன். பிறகு நீ எழுந்தாய். துணியை அலசினார்கள். சுற்றிலும் நீலம், நடுவில் வெள்ளையாக உன் உருவம் மட்டும் கிடந்தது. அந்தப் பெரியவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். வெயில் படாத இடத்தில் ஆள் தெரிகிறான், கதிர் பட்ட இடமெல்லாம் நிறம் மாறிவிட்டது. எனக்குத் தெரிந்த வேலையை நீ உன் உடம்பை வைத்துச் செய்துகொண்டிருந்தாய். அன்றைக்கு எனக்கு உன்மேல் பெருமை வந்தது. அதோடு, என்றைக்காவது ஒரு நாள் நீ என் பைபிளுக்குள் கை விடுவாய் என்ற பயமும் வந்தது.

கை விட்டாய். போன மார்கழியில் கிழிந்த உறையைத் தைத்துத் தருகிறேன் என்று எடுத்தவன், பிலிமை விளக்கில் காட்டிக்கொண்டு, "இது என்னம்மா?" என்றாய். கதவு, வெளிச்சம், கைத்தவறு என்று என் வாய் சரளமாகச் சொன்னது. எங்கிருந்துதான் அத்தனை சுலபமாக வந்ததோ! நீ சந்தோஷத்தில் என்னைக் கட்டிக்கொண்டாய். "நீயும் கேமரா இல்லாம படம் எடுத்திருக்கே, சொல்லவே இல்ல பாரு" என்றாய். உன்னிடம் அப்படி ஒரு கட்டிப்பிடிப்பு வாங்கிப் பல வருடம் ஆகியிருந்தது. அதற்கு ஆசைப்பட்டு வாயை மூடிக்கொண்டேன். அடுத்தவர் உடம்பில் பட்ட கதிரைக் கொடுத்து என் பிள்ளையின் அணைப்பை வாங்கிக்கொண்டேன். இதைவிட வெட்கமான வார்த்தை இந்தக் கடிதத்தில் வேறு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை உன் போன் வந்தது. திங்கட்கிழமை காலையில் சத்தியமங்கலம் பஸ் ஏறி அன்னூரில் இறங்கினேன். விசாரித்துக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறார்கள். கல்லாவில் அவர் மனைவி சரஸ்வதி, மூட்டை அளந்து போடுவது மயில்சாமி. தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும், "அக்கா! வாங்க வாங்க! எத்தனை காலமாச்சு! ஏம்மிணி, டீ சொல்லு" என்று பரபரத்தார். டீ வந்தது. இடது கையால் டம்ளரை நீட்டிவிட்டு, "தப்பா நெனச்சுக்காதீங்கக்கா, இந்தக் கைதான் புடிக்கும்" என்றார். வாங்கிக் குடிக்க முடியவில்லை. கீழே வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். கறுத்த மூன்று பிலிமும், ஏழாம் நம்பர் பேட்ஜும், நான் வைத்து ஒட்டிய புதுப் பிலிமும், எல்லாமே. வாடிக்கைக்காரர் ஒருவர் தவிடு கேட்டு வந்தார். "அப்பறம் வாங்க" என்று சரஸ்வதி அனுப்பிவிட்டார்.

திட்டுவார் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் தன் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "சோர்ஸ் கழண்டது நெசம், ஆனா எம்மேல அவ்வளவா படலைன்னு நான் நம்பிப்போட்டேனுங்கக்கா" என்றார். "சூடா இருந்ததை எப்பத் தொட்டேன், எப்பத் தொட்டேன்னு நானும் வருசக்கணக்கா ரோசனை பண்ணிப் பார்த்தேன். ஞாபகமே வரலீங்க. அப்பறம் தொட்டிருப்பேன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். பிலிமு பொய் சொல்லாதுன்னு நீங்க சொன்னீங்களே." சரஸ்வதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "கையைக் கொண்டுபோயி உலையில வெச்ச கூறுகெட்டவன்னு நாந்தானுங்க தெனமும் சொன்னேன். சோத்தைப் போடறப்பக்கூடச் சொன்னேனுங்க" என்று அழுதார். கண்ணு, நான் கெடுத்தது ஒரு கையை மட்டும் என்று நினைத்திருந்தேன். ஒரு மனுசன் தன் நினைவையே நம்ப முடியாமல் இருந்ததும், ஒரு பெண் தன் புருசனை இருபத்தாறு வருடம் அநியாயமாக ஏசியதும் என் கணக்கில் இல்லவே இல்லை.

மன்னிப்புக் கேட்டேன். "அதைப் பத்தி இன்னிக்குப் பேச முடியாதுங்க" என்றார் மயில்சாமி. அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமை இல்லை. நடந்ததை எழுதிப் பத்திரிகையில் போடப் போகிறேன், உங்கள் பெயரை மாற்றிக்கொள்கிறேன் என்றேன். சரஸ்வதி நிமிர்ந்தார். "ஏனுங்க மாத்தறீங்க? கெட்டுப்போனது இவுரு பேருதானுங்களே? அதே பேரைப் போடுங்க" என்றார். போட்டிருக்கிறேன். கதிர்வீச்சைக் கண்காணிக்கும் அதிகாரிகளுக்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அன்றைக்கே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். கம்பெனி இப்போது இல்லை, முதலாளியும் இல்லை. நான் இருக்கிறேன். என்னை என்ன செய்வார்களோ தெரியாது. சரஸ்வதியிடம் வாங்கிய இரவல் தைரியம்தான், ஆனாலும் பின்வாங்க மாட்டேன். புறப்படும்போது மயில்சாமி கேட்டார்: "அந்தப் பிலிமு இப்ப எங்கீங்க?" என் மகனிடம் இருக்கிறது என்றேன். "எனக்கு வேணுமுங்க. அது என்றது" என்றார்.

அவ்வளவுதான் கண்ணு. அந்தப் பிலிமை நீ ஹிரோஷிமாவுக்குக் கொண்டுபோகக் கூடாது. துணி அச்சு தயாராகிவிட்டது, டிக்கெட் எடுத்தாகிவிட்டது, ஒரு வருட உழைப்பு, இதுதான் உன் வாழ்க்கையின் பெரிய வாய்ப்பு. எல்லாம் எனக்குத் தெரியும். அடுத்தவரின் துயரத்தைக் காட்டுகிற தொழிலில் இருக்கிறாய் நீ. அந்தத் துயரத்துக்கு உடையவர் சொன்னால் வை, வேண்டாம் என்றால் எடு. உண்மை தெரிந்தபின் இது இன்னும் பெரிய கலை அல்லவா, தலைப்பை மட்டும் மாற்றிக்கொள்கிறேனே என்று உன் மூளை ஓடும். நீ என் பிள்ளை, உன் மூளை எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியாதா? அதற்கும் நீ அவரைத்தான் கேட்க வேண்டும், என்னை அல்ல. வேண்டாம் என்று அவர் சொன்னால் வெறுங்கையோடு அங்கே போய் நில்.

வெள்ளிக்கிழமை வந்துவிடு. சனிக்கிழமை காலையில் அன்னூருக்குத் தனியாகப் போ. நான் வரவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவரால் பேச முடியாது. பிலிமை ஓர் உறையில் போட்டு எடுத்துக்கொள். அந்தக் கையைப் போட்டோ எடுக்கக் கேட்காதே, கலையைப் பற்றி நீயாகப் பேச ஆரம்பிக்காதே. டீ கொடுத்தால் குடி. திங்கட்கிழமை நான் பஸ் ஏறும்போது அவர் ஓடிவந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அன்னிக்கு வயித்துல இருந்த அந்தப் புள்ளை?" என்று கேட்டார். பஸ் நகர்ந்துவிட்டது. நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. நீ போய் அவர் முன்னால் நில். நல்லா இருக்கேனுங்க என்று சொல். இருபத்தாறு வருடமாக அவருக்கு அதைக்கூட நாம் சொல்லவில்லை.

அம்மா